மூட்டை மாதிரி விழுந்தார்

என் தம்பி நான்காவது மாடியிலிருந்து விழுந்தபோது அரங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் கடைசி வரிசைக்குப் பின்னால், கதவை ஒட்டி நின்றிருந்தேன். வேலை நேரத்தில் அதுதான் என் இடம். படம் வெளியாவதற்கு முன் இருநூறு பேரைக் கூப்பிட்டு இலவசமாகக் காட்டி, அவர்கள் நினைப்பதை எழுதி வாங்கித் தயாரிப்பாளர்களிடம் கொடுப்பது எங்கள் அலுவலகத்தின் தொழில். படம் ஓடும்போது யார் எழுந்து போகிறார்கள், எங்கே இருமல் கூடுகிறது, எங்கே சிரிப்பு வருகிறது என்று நான் நேரத்தோடு குறிக்க வேண்டும். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தால் அந்த நேரத்தைச் சுற்றி ஒரு வட்டம். அன்று சனிக்கிழமை காலைக் காட்சி. பதினொன்று நாற்பத்தாறு என்று எழுதி வட்டம் போட்டேன். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகவே போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் எதைப் போட்டேன் என்று பார்த்தேன்.

அது ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகம் முழுக்கப் பறந்தவனின் சக்தியை இதில் இடைவேளைக்குப் பிறகு ஒருவன் திருடிவிடுகிறான். அது தெரியாமல் ஹீரோ வழக்கம்போல மாடியிலிருந்து பாய்கிறான். பறக்கவில்லை, விழுகிறான். மூன்று வினாடிகூட இருக்காது. உடம்பு முழுக்க நீல உடை, முகத்தில் நீல முகமூடி. யார் வேண்டுமானாலும் அதற்குள் இருக்கலாம். ஆனால் மோவாயை நெஞ்சோடு ஒட்டி, இரண்டு முழங்கைகளையும் விலாவில் இறுக்கிக்கொண்டு விழுகிற அந்த உடம்பு எனக்குத் தெரியும். ஏழு வயதில் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து மணல் குவியலில் குதித்தபோதும் அவன் அப்படித்தான் குதித்தான்.

அவனை எல்லோரும் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். சுவர் ஏறுகிறவன் என்பதால் தெருவில் வந்த பெயர், பிறகு சண்டைக் காட்சி ஆட்களோடு சேர்ந்ததும் அங்கேயும் அதுவே நிலைத்தது. விபத்தன்று அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆட்களுக்கு வேறு பெயர் தெரியாததால் மருத்துவமனைச் சீட்டில்கூட அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலி அட்டைப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, மேலே மெத்தை விரித்து, அதன்மேல்தான் விழுவார்கள். அன்று ஓரத்தில் ஒரு வரிசை சரிந்திருந்தது. இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்தது. பதினான்கு மாதமாகிறது. வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்து நடக்கிறான். இனி அந்தத் தொழில் இல்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு டேக் சரியாக வந்துவிட்டதாம். அதைப் படத்தில் வைத்துக்கொள்வதாக மருத்துவமனைக்கு வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து அவன் அதற்காகவே காத்திருந்தான்.

படம் முடிந்ததும் அட்டைகளை வாங்கினோம். மஞ்சள் அட்டை, ஐந்து கேள்வி. இருநூற்றுப் பன்னிரண்டு அட்டை கொடுத்து இருநூற்றுப் பன்னிரண்டும் திரும்பி வந்தன. அன்று மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்து மேலோட்டமாகப் புரட்டினேன். எப்போதும் வருகிற மாதிரித்தான் இருந்தது. 'நான் முதல் பாகம் பார்க்கவில்லை, அதனால் எனக்கு இதுதான் முதல் பாகம்.' 'வில்லன் நல்ல மனுஷன் போலத் தெரிகிறார், அவரையே ஹீரோவாகப் போட்டிருக்கலாம்.' 'ஏசி அதிகம்.' நான்காவது கேள்வி, உங்களுக்குப் பிடிக்காதது எது என்பது. அதற்கு எதிரே ஒருவர் எழுதியிருந்தார்: 'மாடியிலிருந்து மூட்டை மாதிரி விழுந்தார்.' அடுத்ததில், 'துணிப் பொம்மையைத் தூக்கிப் போட்டு ஏமாற்றுகிறார்கள்.' இன்னொன்றில் பெண்ணின் கையெழுத்து போலிருந்தது, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தனியாக: 'இவ்வளவு செலவு செய்தவர்கள் அந்த இடத்தில் மட்டும் ஏன் இப்படிப் போலியாக எடுத்தார்கள்?'

நான் எண்ணினேன். முப்பத்தெட்டு.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டுக்குப் போவேன். நான் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"அக்கா, நேத்து போட்டாங்களாமே."

"எதை?"

"எதையாம்! ரேங்க் கார்டை அலமாரிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிட்டு அம்மா முன்னாடி நின்ன பாரு, அதே மூஞ்சி. ஆளுங்க எனக்கு ஃபோன்ல சொல்லிட்டாங்க."

"வெளிய சொல்லக்கூடாதுடா. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்."

"நீ வாயே திறக்க வேணாம். தலைய மட்டும் ஆட்டு. இருக்கா?"

ஆட்டினேன்.

"வெட்டாம? கீழ படற வரைக்கும்?"

மறுபடி ஆட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். முகத்தில் வலியே இல்லாத அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினான்: "ஏய், கேட்டியா? இருக்காம்! உன் புருஷன் தியேட்டர்ல விழப்போறான்!"

உள்ளே பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஜனங்க என்ன பண்ணாங்க?" என்று என்னிடம் கேட்டான்.

முன்னால் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அவன் விடவில்லை.

"சும்மா இருந்தாங்களா, இல்ல சத்தம் வந்துச்சா?"

"சத்தம் வந்துச்சு."

"ஒரே நேரத்துலயா? எல்லாருமா?"

"கிட்டத்தட்ட."

"அப்படித்தான்கா வரும். மூச்சை உள்ள இழுப்பாங்க பாரு, கூட்டமா. நிஜமா விழுந்தா மட்டும்தான் அது வரும். கம்ப்யூட்டர்ல எத்தனை கோடி கொட்டினாலும் வராது."

அவனே கேட்டு அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். எதையும் மறுக்காமல் இருந்ததுதான் நான் அன்று செய்த ஒரே காரியம். அது பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

கிளம்பும்போது தம்பி மனைவி படி வரைக்கும் வந்தாள். கதவைப் பின்னால் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"அண்ணி, அந்த சீன் வரக்கூடாது அண்ணி. உங்களால முடிஞ்சா எடுத்துடச் சொல்லுங்க."

"நான் நம்பர் போடறவம்மா. என் பேச்சை அங்க யார் கேப்பாங்க?"

"அவர் அதை பத்து தடவை பாப்பார். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும். எந்த இடத்துல எலும்பு உடைஞ்சுதுன்னு எனக்கே விரல் வச்சுக் காட்டுவார்."

"அவனுக்கு வேற என்னம்மா இருக்கு இப்ப?"

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். "ஏன், நான் இருக்கேன்ல," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

*

திங்கட்கிழமை எண் போடும் வேலை. ஒவ்வொரு அட்டையையும் படித்து, அதில் உள்ள குறை எந்த வகை என்று ஓரத்தில் ஒரு எண் எழுத வேண்டும். படம் இழுவை என்றால் பதினொன்று. காட்சி போலியாகத் தெரிகிறது, கிராபிக்ஸ் சரியில்லை என்றால் பதினான்கு. பார்க்க முடியவில்லை, பதறிவிட்டது என்றால் இருபத்திரண்டு. ஒருவர் போட்ட எண்ணை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். எந்த எண் எவ்வளவு சேர்ந்தால் படத்துக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அந்தத் தாள் மேலாளரின் பூட்டிய இழுப்பறையில் இருக்கும். தெரிந்தால் கை கோணலாகப் போகும் என்பார்.

'மூட்டை' என்று எழுதியிருந்த முதல் அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பதினான்கு என்று எழுதினால் இயக்குநர் மேசைக்குப் போகும், வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். முன்பு ஒரு பேய்ப் படத்துக்கு இருபத்திரண்டு நூறைத் தாண்டியபோது தயாரிப்பாளர் எங்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அது பாராட்டு எண். பதறினார்கள் என்றால் காட்சி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் நினைத்தேன். ஒரு மனிதன் உண்மையாகவே விழுவதைப் பார்த்தால் முதலில் சிரிப்புதான் வருமோ என்னவோ. கண் பார்த்ததை மனம் ஏற்க மறுக்கும்போது வாய் ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறது. 'பொம்மை' என்று எழுதியவர், பொம்மையாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று ஆசைப்பட்டிருக்கலாம். இப்படி முப்பத்தெட்டு பேரின் மனதையும் நானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தது போல எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒவ்வொன்றிலும் இருபத்திரண்டு என்று எழுதினேன்.

சரிபார்ப்பவள் என் எதிர் மேசைக்காரி. கிட்டப்பார்வைக்கு ஒன்று, தூரப்பார்வைக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடிகளையும் கழுத்தில் மாட்டியிருப்பாள், அதனால் எல்லோருக்கும் கண்ணாடியக்கா. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது.

"ஏம்மா, 'மூட்டை மாதிரி விழுந்தார்'னு எழுதியிருக்கான். இதுக்கு இருபத்திரண்டா?"

"பாக்க முடியலன்னு சொல்றார்க்கா."

"மூட்டையைப் பாக்க முடியலையா? நான் தினம் என் வீட்டுக்காரரைப் பாத்துட்டுத்தானே வரேன்."

நான் சிரிக்கவில்லை. அவள் அடுத்த அட்டையை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். ஐந்தாவதில் நிறுத்திக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் தம்பி என்ன வேலை செய்தான் என்று அவளுக்குத் தெரியும். மருத்துவமனைக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தவள். எந்தப் படம் என்று அவளிடம் நான் சொன்னதில்லை.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"ம்," என்றாள். பேனாவை எடுத்து மீதி எல்லாவற்றிலும் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டாள். மின்விசிறி காற்றில் அட்டைகள் பறக்காமலிருக்க டிபன் டப்பாவைத் தூக்கி மேலே வைத்தாள்.

*

வெள்ளிக்கிழமை மேலாளர் டீ கிளாசோடு என் மேசைக்கே வந்துவிட்டார். நல்ல மனநிலையில் இருந்தார்.

"என்னம்மா, உன் ரிப்போர்ட்டு அங்க வெடிச்சிருச்சே!"

"என்ன சார் ஆச்சு?"

"அந்த மாடி சீன்தான். முப்பத்தெட்டு பேர் பயந்திருக்காங்கன்னு வந்ததும் இந்த ஹீரோ பொம்மையை விக்கறதுக்குப் பணம் போட்ட கம்பெனிக்காரன் ஆடிப்போயிட்டான். குழந்தைங்க பாக்கற படம்மா இது. இருபத்திரண்டாம் நம்பர் பத்துல ஒரு பேருக்கு மேல போனா பேச்சே கிடையாது, தூக்கிடணும், ஒப்பந்தத்துலயே இருக்கு. தூக்கியாச்சு. கம்ப்யூட்டர்ல புதுசா விழ வைக்கறாங்களாம்."

மேசையில் இருந்த குண்டூசி டப்பாவை மூடினேன். திறந்தேன்.

"பதினாலு வந்திருந்தா என்ன சார் பண்ணியிருப்பாங்க?"

"பதினாலா? அது கிராபிக்ஸ் ஆளுங்களுக்குப் போவும். அவங்க பாத்துட்டு, இது நிஜமா எடுத்தது, எங்க வேலை இல்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. அந்தக் காகிதம் இங்கயும் அங்கயும் நடந்துட்டே இருக்கும். அதுக்குள்ள படம் ரிலீஸ் ஆயிடும். ஏன் கேக்கற?"

"சும்மா கேட்டேன்."

அவர் நாலடி போன பிறகு கூப்பிட்டேன். "சார். அந்த அட்டைங்களை ஒருதடவை திரும்பப் பாக்கணும். நான் தப்பாப் போட்டிருக்கலாம்."

அவர் சத்தமாகச் சிரித்தார். "அட்டையெல்லாம் நேத்தே மெஷின்ல போட்டுக் கிழிச்சாச்சு. இயக்குநரும் இதையேதான் கேட்டார்மா, இருநூறு பேர்ல முப்பத்தெட்டு பேரா, நம்ப முடியலையேன்னு. நான் விடுவேனா? ரெண்டு பேர் கையெழுத்து இருக்கு, எங்க பொண்ணு பன்னண்டு வருஷத்துல ஒரு நம்பர் மாத்திப் போட்டதில்லன்னு ஒரே பிடியா நின்னேன். கடைசியில வாயடைச்சுப் போயிட்டார்."

எதிர் மேசையில் கண்ணாடியக்கா எழுதுவது போலக் குனிந்திருந்தாள். பேனா நகரவில்லை. நான் வாயைத் திறந்தால் அவளுடைய எட்டு மாதமும் சேர்ந்து போகும். திறந்தாலும் அந்த மூன்று வினாடி திரும்பி வராது. இரண்டாவது காரணம் உண்மையானது. முதல் காரணம் எனக்கு வசதியாக இருந்தது. மேலாளர் கிளாசை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் தம்பி வீட்டுக்குப் போனேன். அவனிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் படி ஏறினேன். அவன் முதல் நாள் முதல் காட்சிக்கு யார் யாரைக் கூட்டிப் போவது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வாரமும் அதில் இரண்டு பேர் கூடினார்கள். வாக்கரோடு எந்த வாசல் வழியாகப் போனால் படி குறைவு என்று அரங்குக்கு ஃபோன் போட்டுக் கேட்டு வைத்திருந்தான். நான் திரும்பவும் படி இறங்கினேன்.

*

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை, வெட்டிச் சேர்த்த படத்தை மறுபடி போட்டார்கள். அதே அரங்கம், வேறு இருநூறு பேர். நான் கதவை ஒட்டி நின்றேன். அந்த இடம் நெருங்கியபோது தாளைப் பார்த்துக் குனிந்துகொள்ளலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

அவன் பாய்ந்தான். இரண்டு கைகளும் சிறகு போல விரிந்தன. தலை பின்னால் சாய்ந்திருக்க, மேலங்கி அலை அலையாக எழும்ப, வானத்தைப் பார்த்தபடி நிதானமாக இறங்கினான். கீழே பட்டதும் தூசி வட்டமாக எழுந்தது. அரங்கம் முழுக்க மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. கூட்டமாக, ஒரே நேரத்தில்.

மதியம் அட்டைகளைப் பிரித்தேன். மூன்றாவது கேள்வி, உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்பது. நாற்பத்தொரு பேர் மாடிக் காட்சியை எழுதியிருந்தார்கள். ஒருவர், 'உண்மையாகவே ஒரு ஆள் விழுந்தது போல இருந்தது, மனசு கலங்கிவிட்டது' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். உண்மையாகத் தெரிகிறது என்பதற்கு எங்களிடம் எண் ஆறு. நாற்பத்தொன்றிலும் ஆறு போட்டேன். அவர்கள் எழுதியது அதுதான், வேறு என்ன போட முடியும்? கண்ணாடியக்கா ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்துக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் தம்பி வீட்டில் நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். வெட்டிவிட்டார்கள் என்றேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரிப்பு, மூட்டை, பொம்மை, பதினான்கு, இருபத்திரண்டு எல்லாவற்றையும் சொன்னேன். "நான்தாண்டா நம்பரை மாத்தினேன். மாத்தாம விட்டிருந்தா அது இருந்திருக்கும்."

அவன் பட்டியல் எழுதிய நோட்டை மடியில் வைத்திருந்தான். சமையலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. தம்பி மனைவி வாசற்படிக்கு வந்து ஈரக் கையோடு நின்றாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி இல்லை. கீழே தெருவில் ஒரு வண்டி பின்னால் வரும் எச்சரிக்கை ஒலி வெகுநேரம் கேட்டு அடங்கியது.

"எத்தனை பேர் அப்படி எழுதினாங்க?" என்றான் கடைசியில்.

"முப்பத்தெட்டு."

"எத்தனைல?"

"இருநூத்திப் பன்னண்டுல."

"மீதிப் பேர் என்ன எழுதினாங்க? அந்த சீனைப் பத்தி."

"மீதிப் பேர் அதைப் பத்தி எதுவும் எழுதலடா."

அவன் தலையசைத்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் நோட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "புதுசுல எப்படி விழறான்?" என்று கேட்டான்.

"வேணாம்டா."

"சும்மா காட்டுக்கா."

கூடத்தின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தேன். தலையைப் பின்னால் சாய்த்தேன்.

அவன் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். தொழில் பார்க்கிற பார்வை. "அப்படி விழுந்தா கழுத்து போயிடும். பெட்டி எத்தனை அடுக்கினாலும் ஆள் மிஞ்ச மாட்டான்," என்றான். பிறகு, "ஜனங்களுக்குப் பிடிச்சுதா?" என்றான்.

"பிடிச்சுது."

"சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு."

தம்பி மனைவி வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவன் தோளில் கையை வைத்தாள். அவன் அதைத் தட்டிவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"இன்னும் கொஞ்சம் விரிக்கா," என்றான். "அவன் எவ்வளவு விரிச்சானோ அவ்வளவு."

நான் விரித்தேன்.